அரைப்பேர்

பிறந்த மூன்றாம் நாள்
குதிகாலில் குத்தி
அட்டையில் நாலு பொட்டு வைத்தார்கள்.
ஏதோ ஆராய்ச்சியாம், கையெழுத்துப் போடச் சொன்னாள் நர்ஸ்.
போட்டேன்.
எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது.
சதுர்ஷிகாவின் இரத்தம்
கடல் தாண்டிப் போய் வந்தது.

நாற்பதாம் நாள் பேராதனையிலிருந்து கோல்.
டாக்டர் சிங்களத்தில் நீளமாகச் சொன்னதை
நர்ஸ் தமிழில் சின்னதாகச் சொன்னாள்:
இப்ப ஒண்ணுமில்ல. பிறகு வரலாம்.
எப்ப?
பத்து வயசில. முப்பதில. அறுபதிலகூட.
எது?
பொம்பே.

"பாம்பே சீக்கா?
அங்க யாரு போனது உங்க வீட்டில?"
கடைசிக் காம்பரா செல்வமணி அக்கா
ஒரு கிழமை கேட்டுக்கொண்டே இருந்தாள்.
கான் வெட்ட ஆளில்லாத மலை மாதிரி என்றேன்.
தசைக்குள் சர்க்கரை தேங்கும்,
அள்ளிப் போட ஆள் குறைவு.
அது அவளுக்கு உடனே விளங்கியது.
கான் அடைந்தால் என்ன ஆகும் என்று
எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாக்டர் ஒரு தாளில் வரைந்தார்.
என்னிடமிருந்து ஒரு கோடு, ஜெயசேகரிடமிருந்து ஒரு கோடு.
பதினெட்டுக் கிலோ நிறுக்காத நாளில்
பிரட்டில் அரைப்பேர் போடுவார்களே, அதுபோல
ஆளுக்கு ஓர் அரை எங்களுக்குள் கிடந்திருக்கிறது,
தெரியாமலே முழு நாள் உழைத்திருக்கிறோம்.
சொந்தத்தில் கட்டினதா என்று கேட்டார்.
மாமன் மகன் என்றேன்.
பேனா கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது.

திரும்பும் ரயிலில்
நாவலப்பிட்டி வரை அவர் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"எங்கம்மா ஒன் பக்கம்னு சொல்லும்.
ஒங்கம்மா என் பக்கம்னு சொல்லும்."
பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.
"ரெண்டு பக்கமும் ஒரே வீடுதானே" என்றேன்.
கலபொட தாண்டும்போது சிரித்தார்,
அல்லது மூக்கை உறிஞ்சினார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம்.
தரையில் உட்கார வைத்து
கை ஊன்றாமல் எழும்பச் சொல்வார்கள்.
குழாயில் ஊதச் சொல்வார்கள்.
மருந்து இருக்கிறதாம்,
தொடங்கினால் ரெண்டு கிழமைக்கு ஒருமுறை, நரம்பில்,
ஆயுசுக்கும்.
விலை கேட்டேன்.
நர்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

வீட்டில் பார்க்கவேண்டியதை எழுதித் தந்தார்கள்.
படி ஏறும்போது நிற்கிறாளா.
முழங்காலில் கை வைக்கிறாளா.
காலையில் தலை வலிக்குதா.
அடிக்கடி விழுகிறாளா.
கொட்டகலையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன்.

ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி.
இந்த மலையில்
முழங்காலில் கை வைக்காமல் ஏறுகிறவர் யார்?
மழைக்காலத்தில் விழாத பிள்ளை எது?
அவள் களைத்தால் அது நோயா, ஏற்றமா,
ராத்திரி சோறு காணாததா?
சமதரையில் இருக்கிற தாய்க்கு
இந்தச் சந்தேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள்
டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார், ஓட விடவா என்று.
நான் வாய் திறக்குமுன்
அவள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.
ஓடட்டும் என்றேன்.
நாலாவதாக வந்தாள்.
அன்று இரவு அவள் கெண்டைக்காலை
தூங்கினபிறகு அமுக்கிப் பார்த்தேன்.
கால்.
வெறும் கால்தான்.

இப்போது ஏழு வயது.
நேற்று கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்தேன்,
வெள்ளைப் பக்கம் தேடி.
அங்கே அவளுடைய பென்சில் எழுத்து.
கோடுகூடப் போட்டிருந்தாள்.

அம்மா. படி 112. நின்றது 3.
இருமல்.
கை முட்டையில்.

முட்டியைத்தான் அப்படி எழுதியிருக்கிறாள்.
நாலு பக்கம், தைமாதத்திலிருந்து,
திகதியோடு.
பிரட்டில்கூட என்னை
இவ்வளவு கவனமாக யாரும் பதிந்ததில்லை.
அழிறப்பர் பக்கத்தில்தான் கிடந்தது.
திருத்தவில்லை.